எக்ஸ்ரே நார்மல், ஆனால் மகளின் முட்டி வீங்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டுமா?

ஒட்டன்சத்திரம்அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி கோ-கோ அணியில் இருக்கிறாள். போன வியாழக்கிழமை பயிற்சியில் ஓடி வந்து கம்பத்தைப் பிடித்துச் சட்டென்று திரும்பியபோது வலது முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் மோதவில்லை, தள்ளவும் இல்லை. "டப்புன்னு ஏதோ கழண்டு, திரும்ப உள்ளே போன மாதிரி இருந்துச்சும்மா" என்கிறாள். பி.டி. சார் ஐஸ் வைத்து ஆட்டோவில் அனுப்பினார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டியின் இரண்டு பக்கப் பள்ளமும் தெரியாத அளவுக்கு வீக்கம்.

இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முறிவு இல்லை என்றார். காலை அசைத்துப் பார்க்க அவள் விடவே இல்லை, ஒரே அழுகை. வீக்கம் அதிகமாக இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்கிறார். திண்டுக்கல்லில் விசாரித்தால் 6,500 ரூபாய். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லேன்னா அப்புறம் எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டுக் கட்டுப் போட ஆளையே வரச் சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரேயில் தெரியாதது இதில் என்ன தெரியும்? சின்னப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு பயம் உண்டா? அவளுக்கு லிஃப்டில் போகவே பயம். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்களா?

பழனிமலைக்காரன்:

அம்மா, எல்லாம் கமிஷன். எனக்கும் முட்டி வலி என்று போனதற்கு நேராக ஸ்கேன் சென்டருக்குத்தான் சீட்டு எழுதினார்கள். எடுக்காமலே விட்டேன், தானாகச் சரியாகிவிட்டது. பிள்ளைகள் விழுவதும் எழுவதும் சகஜம். பத்து நாள் ஓய்வு கொடுத்துப் பாருங்கள்.

காந்தஅறை:

எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுக்கிற வேலை எனக்கு. நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமிஷன் விஷயத்தில் பழனி சகோவோடு சண்டை போட மாட்டேன், அந்தத் துறையில்தானே நானும் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் பெரியவர்களின் முட்டி வலியும் இந்தப் பிள்ளைக்கு நடந்ததும் வேறு வேறு.

நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்ற இடம், வீட்டுக்கு வருவதற்குள் வீங்கிவிட்டது என்பது. அடிபட்ட மறுநாள் மெதுவாக வீங்கினால் பெரும்பாலும் மூட்டில் ஊறுகிற நீர். ஓரிரு மணி நேரத்துக்குள் திமுதிமுவென்று ஏறினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரத்தம் என்றால் உள்ளே ஏதோ ஒன்று கிழிந்திருக்க வேண்டும், அல்லது பெயர்ந்திருக்க வேண்டும். எது என்பதுதான் கேள்வி. எக்ஸ்ரே நார்மல் என்பது அதற்குப் பதில் ஆகாது.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். 12 வயதில் தொடை எலும்பின் நுனியிலும் முட்டிச் சில்லின் ஓரத்திலும் தடிமனான குருத்தெலும்பு இருக்கிறது. எக்ஸ்ரேக்கு அது வெறும் இருட்டு. குருத்தெலும்பில் ஒரு துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் கிடந்தாலும், அதோடு எலும்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்தான் ஒரு புள்ளி மாதிரித் தெரியும். பல நேரம் அதுவும் தெரியாது. ஜவ்வு எதுவும் எக்ஸ்ரேயில் விழாது. வளர்தட்டு இன்னொரு தலைவலி. வளரும் பிள்ளைக்கு எலும்பின் இரு முனையிலும் இருக்கிற அந்தக் கோடு, பழகாத கண்ணுக்கு முறிவு மாதிரித் தெரியும். நிஜமாகவே அதன் வழியாகப் போன முறிவு சில சமயம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். ஒரு காலின் நீள வளர்ச்சியில் பாதிக்கு மேல் முட்டிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு வளர்தட்டுகளில்தான் நடக்கிறது. அதனால் பிள்ளைகளின் முட்டியில் டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுவார்கள். பயப்படட்டும்.

இன்னொன்று. பெரியவர்கள் முட்டி திருகி விழுந்தால் மூட்டுக்குள் குறுக்கே ஓடும் முன்பக்க ஜவ்வு அறுந்துபோகும். எட்டிலிருந்து பதினாலு வயது வரையான பிள்ளைகளுக்குப் பல சமயம் ஜவ்வு தாங்கிவிடும், அது ஒட்டியிருக்கும் எலும்புதான் பெயர்ந்து மேலே தூக்கும். சைக்கிளிலிருந்து விழுந்து வருகிற பையன்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். 1959-லேயே மேயர்ஸ், மெக்கீவர் என்ற இரண்டு டாக்டர்கள் இதை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதை வைத்து வகை பிரித்துவிட்டார்கள், இன்றும் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்தான் வரும்.

ஆனால் உங்கள் மகள் சொன்ன "கழண்டு உள்ளே போன மாதிரி" எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக நழுவி, காலை நீட்டியதும் தானாகத் திரும்பி உட்கார்ந்திருக்கலாம். இந்த வயதுப் பெண் பிள்ளைகள் ஓடும்போது காலை ஊன்றித் திரும்புகையில் நடப்பதுதான். எக்ஸ்ரே எடுக்கிற நேரத்தில் சில்லு தன் இடத்தில் சமர்த்தாக இருக்கும், படம் நார்மல். எம்.ஆர்.ஐ.யில் தப்பிக்க முடியாது. நழுவிய சில்லு திரும்பி வரும்போது அதன் உள் ஓரம் தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் போய் இடிக்கும். இரண்டு குடம் மோதினால் இரண்டிலும் நசுங்கல் விழுகிற மாதிரி, சில்லின் உள்பக்கம் ஒன்று, தொடை எலும்பின் வெளிப்பக்கம் ஒன்று என்று எலும்புக்குள் இரண்டு கன்றல். கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கும் படத்தில் இரண்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இந்த ஜோடியைப் பார்த்துவிட்டால் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், வேறு எதையும் கேட்க மாட்டார். அடுத்து அவர் தேடுவது, அந்த இடியில் குருத்தெலும்புத் துண்டு ஏதாவது உடைந்து மூட்டுக்குள் மிதக்கிறதா என்று. இருந்தால் சீக்கிரம் பொருத்த வேண்டியிருக்கும். நாள் கழித்துக் கண்டுபிடித்தால் துண்டின் ஓரமெல்லாம் மாறி, பழைய இடத்தில் உட்காராது. பத்து நாள் பார்க்கலாம் என்பது இங்கே சரிவராததற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் மற்ற கேள்விகள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். அந்தப் பயம் வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து அநேகமாகத் தேவைப்படாது. ஐந்தாறு வயதுக்குக் கீழேதான் அசையாமல் படுக்க மாட்டார்கள் என்று கொடுப்பது. முட்டிக்குக் கால்தான் முதலில் உள்ளே போகும், உங்கள் மகள் உயரத்துக்குத் தலை மெஷினின் வாய்ப்பக்கமே இருக்கும். லிஃப்ட் மாதிரி மூடிக்கொள்ளாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊசி எதுவும் இதற்குத் தேவையில்லை. இருபதிலிருந்து முப்பது நிமிடம். சத்தம்தான் அதிகம், டக்டக்கென்று இடிக்கும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். நீங்களும் உள்ளே உட்காரலாம், உடம்பில் பேஸ்மேக்கர் மாதிரி எதுவும் இல்லையென்றால்.

வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்: கொலுசு, கம்மல், ஹேர்பின், ஊக்கு, இடுப்புக் கயிற்றில் தாயத்து இருந்தால் அது, காலில் கட்டிய கருப்புக் கயிற்றின் மணி. கொலுசின் திருகாணி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் ஒரு குடும்பமே உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் திருகுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஜரிகை வைத்த துணியும் வேண்டாம், சூடேறும். காந்தம் ராத்திரி பகல் எப்போதும் ஆனில்தான் இருக்கும், மெஷின் ஓடவில்லை என்பதால் அணைத்திருக்கிறது என்று நினைத்து யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியம், டாக்டர் எழுதும் சீட்டு. எங்களுக்கு வருகிற சீட்டில் முக்கால்வாசி "முட்டி வலி" என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடும். ரேடியாலஜிஸ்ட் உங்கள் மகளைப் பார்க்கப் போவதில்லை, படத்தைத்தான் பார்ப்பார். என்று அடிபட்டது, காலை ஊன்றித் திரும்பியபோது நடந்தது, சத்தம் கேட்டது, கழண்டு உள்ளே போன உணர்வு, உடனே வீக்கம், சில்லு நழுவியதா, துண்டு கிடக்கிறதா என்று பார்க்கவும் என டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் நீங்களே ஒரு தாளில் எழுதி எக்ஸ்ரே பிலிமோடு கொடுங்கள். கேள்வி தெளிவாகப் போனால் பதிலும் தெளிவாக வரும்.

பணம் சிரமம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் எம்.ஆர்.ஐ. உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் தனியாரைவிடக் கட்டணம் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள்.

மாமியாரிடம் பதமாகச் சொல்லுங்கள், ரத்தம் கட்டிய மூட்டை உருவவே கூடாது. உள்ளே துண்டு கிடந்தால் அதையும் சேர்த்து அரைத்ததாகிவிடும். வரச் சொன்ன ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கால்பந்துஅப்பா:

மேலே மேடம் சொன்னது சரி, ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. என் பையனுக்கு 13 வயது, கால்பந்து ஆடுகிறான். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் வலி. விழவும் இல்லை, வீங்கவும் இல்லை. நாங்களாகவே அடம்பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் "மெனிஸ்கஸ் பின் கொம்பில் கிரேடு 2 சிக்னல்" என்று வந்தது. மெனிஸ்கஸ் என்பது முட்டியில் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவ ஜவ்வாம். இணையத்தில் தேடிப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, பையனுக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்று வீட்டில் ஒரே களேபரம். கோவையில் குழந்தைகள் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் பிலிமை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தத் துருத்தலைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், பையன் துள்ளினான். "ஆஸ்குட்-ஷ்லாட்டர். வளர்ற வயசுல வரும், வளர்ந்து முடிச்சா போயிடும்" என்றார், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்று இரண்டு பேர் 1903-ல் தனித்தனியாக எழுதியதாம், எம்.ஆர்.ஐ. கனவில்கூட இல்லாத காலத்தில்.

ஆனால் அந்த கிரேடு 2 என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காந்தஅறை:

கால்பந்து சார், அதற்கு விளக்கம் எங்கள் ரேடியாலஜிஸ்ட் அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறந்த குழந்தைக்கு மெனிஸ்கஸ் முழுவதும் ரத்தக் குழாய் ஓடும். வளர வளர அது வெளி ஓரத்துக்கு ஒதுங்கும், பத்து வயது வாக்கில்தான் ஏறக்குறைய பெரியவர்கள் மாதிரி ஆகும். அந்த ரத்த ஓட்டம் படத்தில் உள்ளே ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அந்தக் கீற்று மேல்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ போய்த் தொட்டால்தான் கிழிசல். தொடாமல் உள்ளேயே நின்றால் அது கிரேடு 1, 2 என்று ரிப்போர்ட்டில் ஏறுகிற, பிள்ளைகளுக்கு இயல்பான விஷயம். பெரியவர்களின் முட்டியே பார்த்துப் பழகியவர் அதை எழுதிவைப்பார், பிள்ளைகளின் முட்டி பார்த்தவர் விட்டுவிடுவார்.

எடுத்தாக வேண்டிய பிள்ளைக்கு எடுக்காததும் தப்பு, தேவையில்லாத பிள்ளைக்கு எடுத்துவிட்டுக் கிடைத்த வார்த்தைக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதும் தப்பு. ஒட்டன்சத்திரம்அம்மா, உங்கள் ரிப்போர்ட்டிலும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம்.

சேலத்துச்சித்தி:

இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன். என் அக்கா பையனுக்கு 13 வயது, கொஞ்சம் குண்டு. பல வாரமாக முட்டி வலி, நொண்டி நடந்தான். ஓரிடத்தில் முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்லாம் நார்மல், பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு டாக்டர் மேசையில் படுக்கவைத்து இடுப்பை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார், திரும்பவே இல்லை. இடுப்பு மூட்டில் வளர்தட்டு நழுவியிருந்தது. அதன் வலி முட்டியில் தெரியுமாம். அன்றே படுக்கையில் போட்டு, நடக்கக் கூடாது என்று சொல்லி, அடுத்த நாள் ஸ்க்ரூ போட்டார்கள். அடிபடாமல் முட்டி வலிக்கிற பிள்ளைக்கு இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடநீக்கியல்காரன்:

சேலத்துச்சித்தி சொன்னது எங்கள் எலும்பு மருத்துவப் படிப்பில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது, அப்படியும் தவறவிடுகிறவர்கள் உண்டு. அதோடு இன்னொன்று: அடிபட்டாலும் படாவிட்டாலும், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், எடை குறைதல், எலும்பின் மேலேயே கெட்டியான வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். இந்த வயதில் எலும்புப் புற்று அதிகமாக வருகிற இடம் முட்டியைச் சுற்றித்தான். அரிது, ஆனால் விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்து மாதக் கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு வருகிறார்கள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: எடுங்கள். எடுக்கும் வரை முட்டியை நீட்டியவாக்கில் வைத்துப் பட்டையோ பெல்ட்டோ போடச் சொல்லுங்கள். ஊன்றி நடக்க வேண்டாம்.

ஒட்டன்சத்திரம்அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மதுரையில் எடுத்துவிட்டோம். காந்தஅறை மேடம் சொன்னபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அங்கிருந்தவர் படித்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தேன். பாதியில் தூங்கிவிட்டாள், அந்த இடிச் சத்தத்தில்!

ரிப்போர்ட்டை அப்படியே எழுதுகிறேன், தமிழில் எனக்குத் தெரிந்தவரை. சில்லின் உள்பக்கமும் தொடை எலும்பின் வெளிப்பக்கமும் கன்றல். சில்லை உள்பக்கமாகப் பிடித்திருக்கும் ஜவ்வு, சில்லில் ஒட்டும் இடத்தில் கிழிந்திருக்கிறது. மூட்டுக்குள் ரத்தம். மிதக்கும் துண்டு எதுவும் இல்லை. சில்லு உட்காரும் பள்ளம் ஆழம் குறைவு. அப்புறம் கடைசியில் இரண்டு வரி: வெளிப்பக்க மெனிஸ்கஸில் கிரேடு 1 சிக்னல், தொடை எலும்பின் வளர்தட்டு நடுவில் லேசான நீர்க்கோவை.

துண்டு இல்லை என்றதும் வீட்டுக்காரர், "அப்போ எடுத்தது வீண்தானே?" என்கிறார். கடைசி இரண்டு வரிதான் எனக்குப் பயம். மீண்டும் கோ-கோ ஆடலாமா என்று அவள் தினமும் கேட்கிறாள்.

முடநீக்கியல்காரன்:

வீண் இல்லை. துண்டு இருந்திருந்தால் இந்நேரம் ஆபரேஷன் தேதி பேசிக்கொண்டிருப்போம். இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் தைரியமாகப் பெல்ட்டும் பிசியோதெரபியும் போதும் என்று சொல்ல முடிகிறது. முதல் தடவை நழுவல், துண்டு இல்லை என்றால் அதுதான் வழக்கமான வைத்தியம்.

கடைசி இரண்டு வரிகளை மறந்துவிடுங்கள். மெனிஸ்கஸ் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. வளர்தட்டு மூடத் தொடங்கும் வயதில் அதன் நடுவில் அப்படி லேசாக வெள்ளையாகத் தெரிவதுண்டு. 2011-ல்தான் ரேடியாலஜிஸ்டுகள் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். அடிபடாத பிள்ளைகளிடமும் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டிய வரி, பள்ளம் ஆழம் குறைவு என்பது. வளர்தட்டு திறந்திருக்கும் வயதில், பள்ளமும் ஆழமில்லை என்றால், திரும்ப நழுவும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. அதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வலி போனதும் பிசியோதெரபியை விட்டுவிடுகிறார்கள், உங்கள் மகள் விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தொடையின் முன்தசையும் இடுப்புத் தசையும் பலமாக வேண்டும், மூன்று மாதம் வரை ஆகலாம். இரண்டு தொடையும் ஒரே பருமனாகி, வலி இல்லாமல் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்து, கோணலாக ஓடித் திரும்ப முடிந்த பிறகு கோ-கோ. அதற்கு முன் நேர்க்கோட்டில் ஓட்டம், சைக்கிள், நீச்சல். மறுபடி நழுவினால் அந்த ஜவ்வைப் புதிதாக அமைக்கும் ஆபரேஷன் உண்டு. தொடை எலும்பில் ஜவ்வு ஒட்டும் இடம் வளர்தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், இந்த வயதில் அதைக் குழந்தைகள் எலும்பு டாக்டரிடம்தான் செய்ய வேண்டும்.

ஒட்டன்சத்திரம்அம்மா:

மிக்க நன்றி டாக்டர். மூன்று மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டுமா?

முடநீக்கியல்காரன்:

வேண்டாம். எலும்புக் கன்றல் மாதக் கணக்கில் படத்தில் தெரிந்துகொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்து எந்த முடிவும் மாறாது. முட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, காரணமில்லாமல் மறுபடி வீங்கினாலோ, திரும்ப நழுவினாலோ மட்டும் வாருங்கள். பழைய பிலிமைப் பத்திரமாக வையுங்கள். சிடி கொடுத்திருந்தால் அதையும்.

காந்தஅறை:

பிலிமைச் சுருட்டி பீரோ மேலே வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பள்ளி பி.டி. சாரிடம் டாக்டர் சீட்டின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், போட்டி நெருங்கினால் அவருக்கு ஞாபகம் இருக்காது.